கட்டி முடித்தல் யாது?

நம் நாட்டில் ஒரு கட்டடத்திற்குச் சிறந்த நாட்கள் இரண்டே. ஒன்று அடிக்கல் நாட்டும் நாள். மற்றொன்று திறப்பு விழா நாள். அவ்விரு நாட்களிலும் பந்தல் உண்டு, மாலை உண்டு, வாழ்த்துரை உண்டு, பெயர் பொறித்த கல்லும் உண்டு. ஆயின், அடிக்கல்லுக்கு முன்னர் நிகழவேண்டிய ஆராய்ச்சியையும், திறப்பு விழாவிற்குப் பின்னர் ஆண்டுதோறும் நிகழவேண்டிய பேணுதலையும் கொண்டாடுவார் இலர். கொண்டாடாமை ஒருபுறம் நிற்க, அவற்றை நினைப்பாரும் அரியராயினர். கல்விச்சாலை, மருத்துவமனை, விடுதி முதலாய நம் பொதுக் கட்டடங்கள் பல இளமையிலேயே முதுமையெய்துதற்கு இக்குறையே காரணம் என்பது எமது துணிபு. அதனைச் சிறிது விரித்துரைக்க ஈண்டுப் புகுகின்றோம்.

இலக்கியம் பயிலும் மாணவர்க்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நூலகத்தின் தளம் ஒழுகுமாயின், முதற்கண் நனைவன மேலடுக்கிற் கிடக்கும் நூல்களே. எவரும் அடிக்கடி எடுத்துப் பாராத பழைய பதிப்புக்களே பெரும்பாலும் அம்மேலடுக்கிற்கு ஏற்றப்படுகின்றன. அவற்றுட் சில மறுபதிப்புக் காணாதவை. தமிழ் நூல்கள் செல்லுக்கும் கறையானுக்கும் இரையான கதையைக் கூறி வருந்தும் நாம், அடைபட்ட ஒரு வடிகுழாயால் அவை அழிதலைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ? ஆகலின் தளத்தைப்பற்றிப் பேசுதல் தமிழைப்பற்றிப் பேசுதலேயாம்.

கட்டடப் பணி என்னுமிடத்துப் புதிய மாளிகை எழுப்புதலை மட்டும் யாம் கருதவில்லை. பழைய தளத்தைப் பழுதுபார்த்தல், விடுதிக்குத் தண்ணீர்த் தொட்டி அமைத்தல், கழிவறைகளைப் புதுப்பித்தல், நாட்பட்ட மின்கம்பிகளை மாற்றுதல் ஆகிய யாவும் இதன்கண் அடங்கும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஐந்து படிகளைக் கடந்தே நிறைவுறும். தேவையறிதல், திட்டமும் மதிப்பீடும் வகுத்தல், பணி நடத்துதல், ஒப்படைத்தல், பேணுதல் என்பன அவை. இவ்வைந்தனுள் நடுநின்ற ஒன்றையே உலகம் பணியென எண்ணுகின்றது. கண்ணுக்குப் புலனாவது அஃதொன்றே ஆகலின்.

இவ்வைந்து படிகளையும் ஒருங்கே காண விழைவார் திருமறையில் நெகேமியாவின் வரலாற்றை ஊன்றிப் படிப்பாராக. பாரசீக வேந்தன் அர்தசஷ்டாவிற்குப் பானபாத்திரக்காரராய் இருந்த அப்பெரியார், கி.மு. 445 அளவில், எருசலேமின் அலங்கம் இடிந்தும் வாயில்கள் எரிந்தும் கிடத்தலைக் கேட்டு மனங்கசிந்தார். வேந்தனிடம் விடைபெறும்போதே திரும்பிவரும் காலத்தைக் குறித்துச் சொன்னார். வேண்டிய மரத்தைக் கொடுக்கும்படி அரசனது வனங்காப்பானுக்கு ஆணையோலையும் பெற்றுக்கொண்டார். நகரை அடைந்ததும் அவர் கூட்டங் கூட்டிப் பேசவில்லை. இரவில், ஒரு சிலரை மட்டும் உடன்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாது, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறிச்சென்ற விலங்கு நுழைதற்கும் வழியில்லாதிருந்தது. இங்ஙனம் குறை எத்துணையது என்பதைத் தம் கண்ணாற் கண்டறிந்த பின்னரே அவர் மக்களிடம் வாய்திறந்தார்.

பணியைப் பங்கிட்ட முறையும் நோக்கத்தக்கது. பலர் தத்தம் வீட்டிற்கு எதிரேயுள்ள பகுதியைப் பழுதுபார்த்தனர். தம் வாயிலுக்கு நேரே நிற்கும் சுவரை ஒருவன் அரைகுறையாகக் கட்டுவானோ? தட்டாரும் தைலக்காரரும் அம்மதிலிற் கல்வைத்தனர். சல்லூம் என்பானுடைய புதல்வியரும் கைகொடுத்தனர். தெக்கோவா ஊரின் பெரியோர் மட்டும் அவ்வேலைக்குக் கழுத்துக்கொடாமையும் அந்நூலில் மறைக்கப்படவில்லை. எலூல் மாதம் 25ஆம் நாள், 52 நாட்களில், அலங்கம் நிறைவுற்றது.

அதன்பின் நிகழ்ந்ததே எமது கருத்திற்கு இன்றியமையாதது. மதில் முடிந்து கதவுகள் நிறுத்தப்பட்டதும் நெகேமியா வாயில் காவலரை அமர்த்தினார். நகரக் காவலுக்குப் பொறுப்பாளராக அனானியையும் அனனியாவையும் நியமித்தார். கதவுகளை எப்பொழுது திறக்கவேண்டும், எவ்வாறு பூட்டவேண்டும் என்னும் ஒழுங்கினையும் வகுத்துக் கொடுத்தார். அலங்கத்தின் பிரதிஷ்டை விழாவோ அந்நூலின் பிற்பகுதியிலேதான் கூறப்படுகின்றது. காப்போர் முன்னர், விழா பின்னர் என்னும் இம்முறையை நாம் முற்றும் தலைகீழாக்கிவிட்டோம். விழாவிற்கு நாள் குறித்துவிட்டு, அந்நாளுக்காக வேலையை விரைவுபடுத்துகின்றோம். காப்போர் யாவர் என்பதோ விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னரே நம் நினைவிற்கு வருகின்றது.

இனி, முதற்படியாகிய தேவையறிதலை நோக்குவோம். ஒரு விடுதி கட்டக் கருதுவார் யாரை வினவவேண்டும்? தலைவரையும் பொருளாளரையும் பொறியாளரையும் வினவுதல் வழக்கம். அதனோடமையாது, அதனைப் பெருக்கும் தாயாரையும், இரவிற் காக்கும் காவலாளியையும், குழாய் பழுதுபார்ப்பாரையும், சமையற்கட்டிற் புகையுண்ணும் சமையற்காரரையும், அங்கே உறங்கி எழும் மாணவரையும் வினவுதல் வேண்டும். துடைப்பமும் வாளியும் வைத்தற்கு ஓர் இடம் வேண்டும் என்பது வரைபடம் எழுதுவார்க்குத் தோன்றுதல் அரிது. பெருக்குவாரோ அதனை முதற் சொல்லாகவே சொல்வர். மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் இன்மையாற் கீழிருந்து வாளி சுமந்து ஏறும் துன்பம் சுமப்பவர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாது.

இங்ஙனம் வினவாமையால் விளைவது சிறு தொல்லை மட்டுமன்று. மலக்குழி ஒன்றை வரையுங்கால், இதனைத் துப்புரவு செய்வார் யார், எவ்வழியாற் செய்வார், கழிவு உறிஞ்சும் வண்டி அருகே வந்து நிற்க இடமுண்டோ என்று எண்ணாதார், பிற்காலத்தில் ஓர் ஏழைமகனை நச்சுக்காற்று நிறைந்த குழியுள் இறக்குதற்கு இன்றே வழிவகுத்தவராகின்றார். பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழிகளில் இறக்குதலை 2013ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியுள்ளது. ஆயினும் அவ்வாறு இறங்கி மாண்டார் செய்தி இன்றும் நாளிதழ்களில் வந்தவண்ணமே இருக்கின்றது. வண்டி செல்லும் வழியை வரைபடத்திற் குறித்துவைத்தல் ஓர் உயிரைக் காப்பதாகும். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கவேண்டும் என்று காலைதோறும் ஆலயத்திற் கேட்கும் நமக்கு, அந்நேசம் வரைபடத்திலும் தோன்றவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் திறத்தும் இஃதே உண்மை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் எளிதில் அணுகுதற்கேற்ற விதிகளுக்கு இணங்காத கட்டடத்திற்கு நிறைவுச் சான்று வழங்கலாகாது என்று கூறுகின்றது. சட்டத்தின் கருத்தினை உற்றுநோக்குமின்! சாய்தளம் என்பது கட்டிமுடித்த மாளிகைக்குப் பின்னர் இணைக்கும் அணியன்று. அஃதில்லையேல் மாளிகையே முடியவில்லை என்பது அதன் பொருளாகும்.

இரண்டாவது படி திட்டமும் மதிப்பீடும். கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்பதை நம் ஆண்டவர் உவமையால் உணர்த்தினார். அவ்வறிவுரையை மறந்தார்க்கு நேர்ந்ததைச் சிட்னி நகரத்து இசைநாடக மாளிகை காட்டும். 1957இல் அதன் செலவு ஏறக்குறைய 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் என மதிப்பிடப்பட்டது. 1963இல் முடியும் என்றும் கருதப்பட்டது. ஆயின் 1959இல், கூரையின் அமைப்பு இன்னும் உறுதிப்படாத நிலையிலேயே, அடித்தள வேலை தொடங்கப்பெற்றது. பின்னர்க் கூரையின் பாரத்தைத் தாங்கமாட்டாத தூண்களை மீண்டும் கட்டநேர்ந்தது. அதனை உருவகித்த கலைஞர் உட்சன் 1966இல் பணியைவிட்டு நீங்கினார். மாளிகை திறக்கப்பட்டது 1973இல். செலவோ 10 கோடியே 20 இலட்சம் டாலர். அதன் அழகை உலகம் இன்று போற்றுகின்றது, போற்றத்தக்கதே. எனினும் பெருநகரத்தின் கருவூலம் பொறுத்த அப்பிழையை ஒரு சிறு கல்லூரியின் பணப்பெட்டி பொறுக்குமோ? நம்மிடத்து அஃது, இரும்புக்கம்பிகள் வானை நோக்கி நின்று துருவேறும் பாதிக் கட்டடமாகவே முடியும்.

மதிப்பீட்டில் மற்றொரு குறையும் உண்டு. கட்டும் செலவை எழுதுவார் காக்கும் செலவை எழுதுவதில்லை. நம் முன்னோர் இவ்வாறு செய்திலர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்து 1010இல் அதன் விமானத்திற்குக் குடமளித்த இராசராசன், கல்லடுக்கியதனோடு நின்றானல்லன். கணக்கர், மெய்காவலர், தச்சர், தையற்காரர், வண்ணார், நாவிதர் எனப் பணிமக்களை நியமித்து, அவர்தம் ஊதியத்திற்கு நெல்லும் வகுத்து, அவற்றைக் கல்லிலும் வெட்டுவித்தான். ஒரு விளக்கு நாடோறும் எரிதற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவ்வாடுகளைப் பெற்றார் நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் வழங்குகின்றன. ஆடு சாகாதோ எனின், சாகும்; ஆனால், இறந்த ஆட்டிற்கு ஈடாகக் குட்டி பிறந்து தொகை குறையாது நிற்கும். முதல் அழியாமல் பயன் மட்டும் கொள்ளும் பராமரிப்பு நிதிக்கு இதனினும் இனிய பெயர் யாண்டுக் கிடைக்கும்? நம் கட்டட மதிப்பீடு ஒவ்வொன்றிலும் இத்தகைய பேராட்டு நிரை ஒன்று இருத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

அந்நிதி தனித்து நிற்றலும் வேண்டும். யூதாவை ஆண்ட யோவாசின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணம் ஆசாரியர் கையிற் சென்றுகொண்டிருந்தது. ஆட்சியின் 23ஆம் ஆண்டுவரையிலும் பழுது பார்க்கப்படவில்லை. பின்னர் யோய்தா என்னும் ஆசாரியர் ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தார். அதிற் சேர்ந்த பணம் எண்ணப்பட்டுத் தச்சருக்கும் கொற்றருக்கும் கல்தச்சருக்கும் நேரே சென்றது, வேலையும் நடைபெற்றது. ஆண்டுச் செலவோடு கலந்த மராமத்துப் பணம் பிற செலவுகளிற் கரைதல் இயல்பு. துளையிட்ட தனிப்பெட்டியே அதற்கு மருந்து.

மூன்றாவது படியாகிய பணி நடத்துதலிற் பொறியாளர் அறிந்தனவற்றை யாம் கூறப்புகுதல் மிகையாம். எனினும் இரண்டு கூறுவோம். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறையும் குழாய்களையும் கம்பிகளையும் பூசி மூடுமுன்னர்ச் சோதித்துப் படம் எடுத்துவைத்தல் வேண்டும். மூடியபின் அவை இருக்குமிடம் அறிவார் இலர். மற்றொன்று உயிர்க்காப்பு. புதுவீடு கட்டுவோன் மெத்தையிலிருந்து ஒருவன் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக்கூரை தீப்பற்ற, 94 குழந்தைகள் உயிர்துறந்தனர். கூரையும் படிக்கட்டும் வெளியேறும் வழியும் கணக்கேட்டிற் குறைத்தற்குரிய செலவுகளல்ல என்பதை அத்துயரம் நமக்கு என்றென்றும் உணர்த்துவதாகுக.

நான்காவது படி ஒப்படைத்தல். இப்படியே நம்மிடத்து மிகவும் இகழப்படுவது. ஒப்பந்தக்காரர் திறவுகோற் கொத்தைக் கொடுக்க, நிர்வாகத்தார் பெற்றுக்கொள்ளுதலோடு அது முடிந்துவிடுகின்றது. நள்ளிரவிற் குழாய் வெடித்து நீர் பெருகுங்கால், அதனை அடைக்கும் வால்வு எங்குளது என்று காவலாளி கைவிளக்கோடு தேடியலைதல் பல இடங்களிற் காணும் காட்சி. எந்தத் திறவுகோல் எந்தப் பூட்டிற்கு, எந்த வால்வு எந்தத் தொட்டிக்கு, எந்தப் பொத்தான் எந்த அறைக்கு என்பதனை எழுதிக் கொடுத்தலும், காப்பாரை உடனழைத்துச்சென்று காட்டி, அவரே ஒருமுறை இயக்கிப் பார்க்கச் செய்தலும் ஒப்படைத்தலின் உயிராம். முதலில் வரைந்த படமன்று, மாறுதல்களோடு கட்டிமுடித்தபடி வரைந்த படமே வைக்கத்தக்கது. அப்படத்தின் படியொன்று கல்லூரி நூலகத்தில் இருத்தல் நன்று.

ஐந்தாவது பேணுதல். இதன் ஆற்றலுக்குச் சான்று நம் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம். உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கும் கடல்மீது 1914இல் திறக்கப்பெற்ற அப்பாலம், 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலிற் பெரிதும் சிதைந்தது. இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் அது மீட்டமைக்கப்பட்டது. அந்த 46 நாட்களை உலகம் வியந்து பேசுகின்றது, வியத்தற்குரியதே. ஆனால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இரயில் நிறுத்தப்படும்வரையில், நூற்றாண்டிற்கு மேலாக, துருவைச் சுரண்டியும் வண்ணம் பூசியும் அதனைக் காத்துநின்ற பெயரறியாத் தொழிலாளரைப் பேசுவார் யாவர்? 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலமும் அத்தகையோர் கையையே நம்பி நிற்கின்றது.

நிற்க. இக்கருத்திற்கு மாறாகக் கூறப்படுவன இரண்டு. எல்லாரையும் வினவிக்கொண்டிருந்தால் வேலை தொடங்குதலே இல்லை என்பது ஒன்று. நெகேமியாவின் இரவு ஆராய்ச்சி அவருடைய பணியைத் தாழ்த்தவில்லை. 52 நாட்களில் முடித்தற்கு அதுவே துணைசெய்தது. தாளின்மேற் கோட்டை அழித்தெழுதுதற்கு ஆகும் காலம் சிறிது. சுவரை இடித்துக் கட்டுதற்கு ஆகும் காலம் பெரிது. மற்றொன்று, பொருள் வழங்குவோர் புதிய மாளிகைக்கே வழங்குவர், வடிகுழாய்க்கு வழங்கார் என்பது. இஃது உண்மையே. வடிகுழாயிற் பெயர் பொறிக்க இடமில்லையன்றோ! ஆயின், வழங்குவோரிடம் உண்மையை எடுத்துரையாமையும் நம் குறையே. ஐயா, நும் பெயர் தாங்கிய மாளிகை பத்தாம் ஆண்டிற் பாசிபடிந்து ஒழுகவேண்டுமோ, ஐம்பதாம் ஆண்டிலும் பொலிவோடு நிற்கவேண்டுமோ என்று வினவின், பேராட்டு நிரைக்கும் சேர்த்தே வழங்கும் பெருந்தகையோர் இக்கல்லூரியின் பழைய மாணவருள்ளேயே பலராவர்.

மாணவராகிய நமக்கும் பங்குண்டு. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் தாமே கூடித் திருத்திய முறையை நம் முன்னோர் குடிமராமத்து என்றனர்; 2017இல் தமிழக அரசு நீர்நிலைகளைத் திருத்த அப்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அறைக்கு எதிரேயுள்ள தாழ்வாரத்தின் வடிகுழாயிற் சருகு அடைத்திருப்பின் அதனை நீக்குதற்கோ, ஒழுகும் குழாயை உரியவர்க்கு அறிவித்தற்கோ ஒரு மாணவனுக்குப் பட்டம் வேண்டுவதில்லை. மூன்றாண்டு தங்கிச் செல்வேமுக்கு என்ன உரிமை என்பார்க்கு, உத்தரமேரூரில் ஏரி வாரியத்தார் இருந்தது 360 நாட்களே என்பதனை நினைவூட்டுவோம். காலம் குறுகியதாயினும் அவர்கள் கணக்குக் காட்டியே விலகவேண்டும். கணக்குக் காட்டாதார் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியுடையரல்லர்.

முடிவாக எமது வேண்டுகோள் ஒன்றே. இனி எழும் கட்டடம் எதுவாயினும், அதன் திறப்பு விழாவை ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்த பின்னர் நடத்துவோமாக. ஐப்பசி கார்த்திகை மழையில் தளம் ஒழுகுகின்றதா, முற்றத்தில் நீர் தேங்குகின்றதா, மின்கம்பியில் ஈரம் ஏறுகின்றதா என்பதனை மழையே சோதித்துச் சொல்லும். அதுவரை ஒப்பந்தக்காரர்க்குரிய தொகையில் ஒரு பகுதி பிணையாக நிற்கட்டும். அம்மழைக்குள் காப்பாரை அமர்த்தி, அவர்க்கு வேண்டுவன கற்பித்து, பேணும் நிதியையும் தனியே வைப்போம். அதன்பின் பந்தல் இடுவோம்; மாலை சூட்டுவோம்; துதிப்பாடலும் பாடுவோம். அன்று பொறிக்கும் கல்லில், பொருள் கொடுத்தார் பெயருக்கும் திறந்துவைத்தார் பெயருக்கும் கீழே, அக்கட்டடத்தைக் காக்கும் முதற் பணியாளரின் பெயரும் ஒரு வரியில் இருக்குமாக. அவ்வரி எழுதப்பட்ட நாளே கட்டடம் முடிந்த நாள் என்க.